ஆண்டறிக்கை: செயலாளர் பொதுக்குழுவில் வாசித்தது

தலைவர் அவர்களுக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு நகல் அனுப்பப்படும். படிப்பதும் படிக்காததும் அவர்கள் பாடு.

வளரும் நாடுகளின் உள்ளாட்சிப் பணிகளைப் படித்துப் பேசும் நம் வட்டம் இந்த ஆண்டும் மாதக் கூட்டங்களை நடத்தியது. பிரேசிலின் போர்ட்டோ அலெக்ரி நகரில் 1989இல் தொடங்கிய பங்கேற்பு பட்ஜெட், அதாவது நகராட்சிப் பணத்தில் ஒரு பகுதியை எதற்குச் செலவிடுவது என்று மக்களே கூடி முடிவு செய்யும் முறை பற்றி ஒரு கூட்டம். கென்யாவின் 2010 அரசியல் சட்டம் உருவாக்கிய 47 கவுண்டி (மாவட்டம் போன்ற பகுதி) அரசுகள் பற்றி இன்னொன்று. இரண்டும் நன்றாகவே நடந்தன.

இனி, என் பொறுப்பில் நடந்த குடிநீர்த் தொடர். "நிலைத்த வளர்ச்சி என்றால் மெட்ரோ, சூரிய மின்சாரம் என்று பேசாமல் ஒழுகுகிற குழாயையே பிடித்துத் தொங்குகிறார்" என்று ஒரு பேச்சு அடிபட்டது. சரி, பதில் சொல்லிவிடுகிறேன். 2015இல் ஐ.நா. ஏற்ற 17 நிலைத்த வளர்ச்சி இலக்குகளில் ஆறாவது குடிநீரும் சுகாதாரமும். 2030க்குள் அதை எட்டும் வேலை பெரும்பாலும் உள்ளாட்சியின் தலையில்தான் விடிகிறது. தொட்டி கட்டக் கடன் கிடைக்கும், திறப்பு விழாவுக்குக் கல்வெட்டும் கிடைக்கும். தேய்ந்த வால்வை மாற்றப் பணம் கேட்டால் ஆளுக்கு ஆள் கையை விரிப்பார்கள். அந்தப் பணம் மாதாமாதம் தண்ணீர்க் கட்டண வசூலில் வந்தால்தான் உண்டு.

கம்போடியாவின் நொம்பென் நகரத்தையே பாருங்கள். 1993இல் அங்கே உற்பத்தியான நீரில் ஏறக்குறைய 72 சதவீதம் கசிவிலும் திருட்டு இணைப்பிலும் கணக்கில்லாமல் போனது. அந்த ஆண்டு நகரக் குடிநீர் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்பேற்ற ஏக் சொன் சான் வீடுவீடாக மீட்டர் வைத்தார், பாக்கிதாரர் யாராக இருந்தாலும் இணைப்பைத் துண்டித்தார். ஒரு ராணுவ அதிகாரி துப்பாக்கியையே நீட்டினாராம். மனிதர் ஆயுதக் காவலரோடு திரும்பிப் போய் வேலையை முடித்தாராம். ஏழைகளுக்கு இணைப்புக் கட்டணத்தில் சலுகையும் தவணையும் தந்தார். 2008 வாக்கில் இழப்பு 6 சதவீத அளவுக்கு இறங்கியது. நாள் முழுக்கத் தண்ணீர் வந்தது. 2006இல் அவருக்கு மகசேசே விருதும் கிடைத்தது.

இதை நான் விளக்கிய கூட்டத்தில் பாதி நாற்காலி காலி. வந்து உட்கார்ந்தவர்கள் எல்லாம் ஏற்கெனவே சந்தா கட்டியவர்கள். யார் கேட்டிருக்க வேண்டுமோ, அவர்கள்தான் இல்லை.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறத்தாழ சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா நிலுவை மட்டும் போன ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. நினைவூட்டல் அனுப்பினால் கைகூப்பும் படம்தான் பதிலாக வருகிறது.

தலைவர், பொருளாளர், இடம் தந்தவர்கள், நாற்காலி போட்ட இளைஞர்கள் அனைவருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு கழிவுநீர்த் தொடர் நடத்த ஆசை. கழிப்பறை கட்டிய கணக்கு எல்லா ஊரிலும் இருக்கும். குழி நிறைந்தபின் லாரி அதை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது என்ற கணக்குதான் பல ஊரில் இல்லை. குறிப்பு தயார், அச்சுக்குத்தான் பணம் இல்லை. வேறொருவர் செயலாளராக வந்து நடத்தினாலும் மகிழ்ச்சியே; அப்படி யாரும் இதுவரை பெயர் கொடுக்கவில்லை.

நம்மிடம் துண்டிக்க இணைப்பு எதுவும் இல்லை. நிலுவைப் பட்டியலும் ரசீதுப் புத்தகமும் வாசல் மேசையில் இருக்கின்றன. பொருளாளர் கூட்டம் முடியும்வரை அங்கேதான் இருப்பார்.

இப்படிக்கு,
செயலாளர்