செட்டிநாட்டில் மாற்றுத்திறனாளிகள் குழுவாகச் சுற்றுலா சென்று தங்க வசதி கோரும் மனு

அனுப்புநர்:
காரைக்குடி வட்டார மாற்றுத்திறனாளிகள் ஒன்பது பேர், உடன் செல்வோர் ஐந்து பேர்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
சிவகங்கை.

பொருள்: தங்கும் இடங்களின் வாசல், கழிப்பறை அளவுகளைச் சரிபார்த்து வெளியிடவும், சாய்தளம் அமைக்கவும் கோருதல் – தொடர்பாக.

ஐயா,

வணக்கம். எங்களில் நால்வர் சக்கர நாற்காலியில் இருப்பவர்கள். இருவருக்குப் பார்வை இல்லை. மூவர் அறிவுசார் மாற்றுத்திறனாளிகள். எல்லோரும் முப்பது வயதைத் தாண்டியவர்கள். வெளிநாட்டிலிருந்தெல்லாம் வந்து பார்க்கும் ஊரில் பிறந்தும், நாங்கள் சேர்ந்து ஓர் இரவு வெளியே தங்கியதில்லை.

கடந்த தை மாதம் பிள்ளையார்பட்டி, ஆத்தங்குடி, கானாடுகாத்தான் என்று இரண்டு நாள் பயணம் போட்டோம். தங்கும் விடுதியாக மாற்றிய ஒரு பழைய வீட்டுக்குப் போன் செய்து கேட்டபோது, "ஒரு படிதாங்க, பசங்க தூக்கி விட்டுருவாங்க" என்றார்கள். போய்ப் பார்த்தால் திண்ணைக்கு ஐந்து படி, அப்புறம் நிலைப்படி, வளவுக்கு, அதாவது உள்முற்றத்துக்கு, இறங்க இன்னொரு படி. கழிப்பறைக் கதவு 60 செ.மீ.; இந்த மனுவை எழுதும் என் சக்கர நாற்காலி 66 செ.மீ. தூக்க வந்த பிள்ளைகள் நல்ல பிள்ளைகள்தான். ஆனால் 41 வயதில், வேட்டி விலக, நாலு பேர் கையில் தொங்கிக்கொண்டு வாசல் கடந்தவனுக்குத்தான் அது தெரியும். இரவே வீடு திரும்பினோம். முன்பணம் வரவில்லை.

அந்தத் திண்ணையை இடிக்கச் சொல்லவில்லை. 1:12 சரிவில் (ஒரு பங்கு உயரத்துக்குப் பன்னிரண்டு பங்கு நீளம்) ஐந்து படிக்கு, அதாவது 75 செ.மீ. உயரத்துக்கு, 9 மீட்டர் சாய்தளம் வேண்டும்; தெருவே அடைபட்டுவிடும். ஆனால் அந்த வீடு தெருவுக்குத் தெரு நீள்கிறது. பின்கட்டு வாசலில் இரண்டே படி. அந்த 30 செ.மீ. உயரத்துக்கு, எடுத்துப் போடும் 3.6 மீட்டர் சாய்பலகை போதும். கல்யாணச் சாமான் போகும் வழியில் போக எங்களுக்குக் கூச்சமில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 பொதுமக்கள் வந்துபோகும் தனியார் கட்டடத்தையும் பொதுக் கட்டடம் என்றே சொல்கிறது. ஆகவே சுற்றுலா அலுவலரும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலரும் ஒவ்வொரு விடுதியிலும் டேப் வைத்து அளந்து, எத்தனை படி, கதவு எத்தனை செ.மீ. என்பதைத் தமிழில் வெளியிட வேண்டுகிறோம். உரிமையாளர் சொல்லும் கணக்கை வாங்கி எழுதிவிட வேண்டாம். பலகை இல்லாத இடங்களில் அதை வைக்க உத்தரவிட வேண்டும். பிள்ளையார்பட்டியில் நாற்காலி உள்ளே திரும்பும் அளவில் ஒரு கழிப்பறையும், வாடகைக்கு லிஃப்ட் வைத்த ஒரு வேனும் வேண்டும். வாடகை நாங்கள் கொடுப்போம், இலவசம் கேட்கவில்லை.

ஆத்தங்குடியில் பார்வையற்ற நண்பர்கள் தரையில் பதிக்கும் பூக்கல் வார்க்கும் அச்சைத் தொட்டுப் பார்க்க ஒரு பட்டறைக்காரர் அன்று அரை மணி நேரம் கொடுத்தார். அந்தப் பயணத்தில் உருப்படியாக நடந்தது அது ஒன்றுதான். மற்ற பட்டறைகளிலும் அதற்கு அனுமதி கிடைக்கச் செய்தால் நன்று.

நாங்கள் எடுத்த அளவுகளை இணைத்துள்ளோம். அலுவலர்கள் அளக்க வரும் நாளில் நாற்காலியோடு நானும் வருகிறேன்.

இடம்: காரைக்குடி

இப்படிக்கு,
குழுவினர் சார்பாக
(14 பேர் கையொப்பம், கைநாட்டு இணைப்பில்)