கியூப் ரிசல்ட் மட்டும் போதுமா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வேலூர், காட்பாடி பக்கம் அடுக்குமாடிகள் உயர்ந்துவருகின்றன. கம்பி நெருக்கமான தூண்களுக்கு வைப்ரேட்டர் இல்லாமல் தானே பரவி நிரம்பும் கான்கிரீட் போடுவது நல்லதுதான். ஆனால் கியூப் எனும் கான்கிரீட் கட்டியை 28ஆம் நாள் நசுக்கிப் பார்த்த ரிசல்ட் வந்ததுமே ஃபைலை மூடிவிடுகிறார்கள். கியூப் காட்டுவது வலிமையை மட்டுமே. காற்றில் கட்டடம் எவ்வளவு சாயும், பாரத்தில் தூண் எவ்வளவு குறுகும் என்பதெல்லாம் விறைப்பை, அதாவது பாரத்தில் எளிதில் வளையாமல், சுருங்காமல் நிற்கும் தன்மையைப் பொறுத்தவை.

கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சூத்திரப்படி எம்30க்கு (கியூப் வலிமை 30 மெகா பாஸ்கல் உள்ள கான்கிரீட்) விறைப்பு சுமார் 27,400 மெகா பாஸ்கல், எம்60க்கு 38,700. வலிமை இரட்டித்தும் விறைப்பு 40 சதவீதம்தான் கூடுகிறது. அளந்து பார்த்தால் 20 சதவீதம் ஏறியோ இறங்கியோ இருக்கலாம் என்றும் அதே விதி சொல்கிறது. தானே நிரம்பும் கலவையில் அது பெரும்பாலும் இறங்கத்தான் செய்யும். காரணம், ஓட்டத்துக்காக ஜல்லியைக் குறைத்து சிமென்ட் கூழைக் கூட்டுகிறோம். விறைப்பைத் தருவதே ஜல்லிதான். நம் பக்கத்துக் கருங்கல்லை வைத்துக்கொண்டு அதைக் குறைப்பானேன்?

எம்60 அளவுக்கு, ஒரு கன மீட்டரில் சிமென்ட் 400 கிலோ, ஃபிளை ஆஷ் (நிலக்கரிச் சாம்பல்) 110, சிலிக்கா ஃப்யூம் (மிக நுண்ணிய சிலிக்காத் தூள்) 30, தண்ணீர் 165 லிட்டர், ஜல்லி 870 கிலோ, எம்-சாண்ட் (கல் உடைத்த மணல்) 780 என்று டிரையலை, அதாவது சோதனைக் கலவையைத் தொடங்கலாம். ஜல்லி 20 மி.மீ., 12 மி.மீ. இரண்டும் கலந்து, தட்டையாக இல்லாமல் இருக்கட்டும். தட்டை ஜல்லி கூடுதல் கூழ் கேட்கும். எம்-சாண்டில் களிமண் இருந்தால் ஓட்டம் தரும் ரசாயனமான அட்மிக்சரைக் குடித்துவிடும். மணலின் ஈரத்தைத் தினமும் பாருங்கள். 1 சதவீதம் மாறினாலே கிட்டத்தட்ட 8 லிட்டர் தண்ணீர்.

சைட்டில் பரவல், அதாவது சோதனைக் கூம்பிலிருந்து விட்ட கலவை தானே பரவும் வட்டத்தின் விட்டம், 660 முதல் 750 மி.மீ. வர வேண்டும். பரவிய வட்டத்தின் ஓரத்தில் தண்ணீர் வளையம் தெரிந்தாலோ, நடுவில் ஜல்லி குவிந்து நின்றாலோ அந்த லோடைத் திருப்பி அனுப்பிவிட வேண்டும். கத்திரி வெயிலில் ஓட்டம் சீக்கிரம் செத்துவிடும். உடனே லாரி டிரம்முக்குள் தண்ணீர் பைப்பை விடுவார்கள். வலிமை, விறைப்பு இரண்டும் அங்கேயே போயிற்று. ஓட்டம் குறைந்தால் டிரையலில் முடிவு செய்த அளவுக்குள் அட்மிக்சர் சேர்த்து டிரம்மை நன்றாகச் சுற்றவிடலாம். அதைவிட, ஐஸ் போட்ட தண்ணீரில் கலந்து விடியற்காலையில் ஊற்றுவது மேல்.

சென்ட்ரிங்கையும் சொல்ல வேண்டும். 3 மீட்டர் தூணை ஒரே மூச்சில் நிரப்பினால் அடியில் சதுர மீட்டருக்கு 7 டன்னுக்கு மேல் தள்ளும். வழக்கமான இடைவெளியில் கிளாம்ப் போட்டால் பலகை பிதுங்கும்.

விறைப்பை அளப்பது பெரிய செலவில்லை. டிரையலின்போதே 150 மி.மீ. விட்டம், 300 மி.மீ. உயரத்தில் சிலிண்டர் மூன்று போட்டு, ஐஎஸ் 516 முறைப்படி வலிமையில் மூன்றில் ஒரு பங்குவரை பாரம் ஏற்றிச் சோதித்தால் போதும். எண் குறைந்தால் கூட்ட வேண்டியது ஜல்லியை, சிமென்டை அல்ல. உயரமான கட்டடங்களுக்குக் கியூப் சான்றோடு இந்தச் சிலிண்டர் சான்றையும் அனுமதி தரும் அதிகாரிகள் கேட்டு வாங்க வேண்டும்.

இப்படிக்கு,
கட்டுமானப் பொறியாளர், காட்பாடி