ஞாயிறு காலை டிபன்: மேசை பிடிப்பது பற்றி

உறுப்பினர்களுக்கு வணக்கம். ஞாயிறன்று கன்னியாகுமரியில் சூரிய உதயம் முடிந்ததும் வழக்கமான செல்ஃப் சர்வீஸ் கடையில்தான் டிபன். சபரிமலை சீசன், சாமிமார் கூட்டம் அலைமோதும். டோக்கன் வாங்கும் முன்பே துண்டு, பை, குடை போட்டு மேசை பிடிக்க வேண்டாம். போன சீசனில் ஒரு மேசையில் மூன்று பைகள் சொகுசாக உட்கார்ந்திருந்தன. ஒரு கையில் ரசவடைத் தட்டு, மறு கையில் கொதிக்கும் சாயாவோடு ஒரு பெரியவர் நின்றுகொண்டிருந்தார். பார்க்கவே கஷ்டம்.

வயதானவர்கள், கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் முதலிலேயே உட்காரலாம், அதில் தப்பில்லை. மற்றவர்கள் தட்டு கைக்கு வந்தபின் இடம் தேடுங்கள். எல்லாரும் ஒரே மேசையில்தான் உட்கார வேண்டுமா என்ன?

சாப்பிட்டதும் எழுந்துவிடுங்கள். அரட்டையைப் படகுத்துறை வரிசையில் வைத்துக்கொள்ளலாம். 2024 டிசம்பரில் விவேகானந்தர் பாறையையும் திருவள்ளுவர் சிலையையும் இணைக்கும் கண்ணாடிப் பாலம் திறந்தபின் அந்த வரிசையில் நேரத்துக்குப் பஞ்சமே இல்லை.