குடிபூரல் அன்றே வீடு நிரம்ப வேண்டுமா?

ஆசிரியருக்கு,

கிளிநொச்சியில் பட்டா எனப்படும் சின்ன லொறி வைத்து ஹயர் ஓடுகிறேன். ஆவணி பிறந்தால் வீடு மாறுகிறவர்களின் சாமான் ஏற்றுவதுதான் எனக்குப் பாதித் தொழில். என்னிடம் ஐந்நூறு ரூபா குறைக்க அரை மணித்தியாலம் நின்று பேரம் பேசுவார்கள். குறைத்தும் விடுகிறேன், அது வேறு கதை. காசு ஒழுகுகிற ஓட்டை அங்கே இல்லை; குடிபூரலுக்கென்று தவணைக்குத் தளபாடம் வாங்குவதில்தான் இருக்கிறது.

அண்மையில் பரந்தன் பக்கம் ஒரு வீட்டுக்குக் கடையிலிருந்து செற்றியும் கண்ணாடி அலுமாரியும் ஏற்றிப் போனேன். வெளிச்சுவர் இன்னும் பூசவில்லை. மலசலகூட வாசலில் கதவுக்குப் பதில் உரப்பை தொங்குகிறது. “தம்பி, மெல்லமா இறக்குங்கோ, இன்னும் ஒரு தவணைகூடக் கட்டேல்ல” என்றார் வீட்டுக்கார அம்மா. சிரிப்பதா என்று தெரியவில்லை.

கணக்கைப் பாருங்கள். 1,20,000 ரூபாச் செற்றியை மாதம் 7,500 படி 24 மாதம் கட்டினால் 1,80,000 ஆகிறது. கூடுதலாகப் போகும் அந்த அறுபதாயிரத்தில் கதவும் போட்டு, தண்ணீர்த் தாங்கியும் வைத்திருக்கலாம். போருக்குப் பின் வீடு கட்ட இந்தியா உதவிய இந்திய வீட்டுத் திட்டத்தின் ஐந்தரை இலட்சமும் வேலை முன்னேற முன்னேறத் துண்டு துண்டாகத்தான் வந்தது. அப்படிப் பொறுத்துப் பொறுத்து வீடு கட்டிய சனம், கதிரை மேசையை மட்டும் ஏன் ஒரே நாளில் நிரப்பப் பார்க்கிறது? வருகிற சொந்தக்காரர் பாற்சோறு சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார்கள். தவணைக்காரர் மாதாமாதம் வருவார். நுண்கடனில் எங்கள் பெண்கள் பட்ட பாட்டில், 2018 இல் வறட்சி மாவட்டங்களில் ஒரு இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களை அரசே தள்ளுபடி செய்ய வேண்டி வந்தது. அதற்குள் மறந்துவிட்டதா?

பழைய கதிரையோடு குடிபுகுங்கள். ஒரு மாரி இருந்து பாருங்கள். எந்தப் பக்கம் சாரல் அடிக்கிறது, எந்த மூலையில் ஈரம் ஊறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். கார்த்திகை மழைக்கு முன் சுவரோடு ஒட்டி வைத்த பலகை அலுமாரி தை மாதம் ஊதிப்போய்க் கிடந்ததையும் நானே ஏற்றி இறக்கியிருக்கிறேன். மின்சாரமும் அப்படித்தான். மாதம் 60 அலகைத் தாண்டினால் முதல் அலகிலிருந்தே விலை கூடுகிறது. பெரிய குளிர்சாதனப் பெட்டி வாங்குமுன் பழைய பில்லை எடுத்துப் பாருங்கள்.

ஏற்றுகூலியிலும் மிச்சம் பிடிக்கலாம், பேரம் பேசாமலே. வவுனியாவிலிருந்து வருகிறவர்கள், அங்கே சாமான் இறக்கிவிட்டுக் கிளிநொச்சிக்கு வெறுமையாகத் திரும்பும் வாகனத்தை விசாரித்துப் பிடித்தால் கூலி நன்றாகக் குறையும். பெட்டி வாங்க வேண்டாம். கழுவிய உரப்பை இருக்கிறது, கிளாஸ் கோப்பையைச் சேலைக்குள் சுற்றலாம். முக்கியமாக, ஐப்பசிக்கு முன் மாறுங்கள். கிறவல் ஒழுங்கை சேறானபின் பட்டா புதைந்தால் உழவு மெசின் கூப்பிட வேண்டும். அந்தக் காசும் உங்கள் தலையில்தான்.

கடைக்காரரிடமும் ஒன்று கேட்கிறேன். “மாதம் 7,500 மட்டும்” என்று பெரிதாக எழுதி ஒட்டுகிறீர்கள். கட்டி முடிக்க மொத்தம் எவ்வளவு என்பதையும் அதே பெரிய எழுத்தில் ஒட்டுங்கள். நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபை இதைக் கட்டாயமாக்க வேண்டும்.

இப்படிக்கு,
பட்டாச் சாரதி ஒருவர்,
கிளிநொச்சி