கொட்டரை அணையில் சேலை வீசிய மூவருக்கு

ஆதனூர் அக்காக்களுக்கு வணக்கம்.

2020 ஆகஸ்டில் பெரம்பலூர் மாவட்டம் கொட்டரை அணையில் நான்கு இளைஞர்கள் தத்தளித்தபோது, உடுத்தியிருந்த சேலையை அவிழ்த்து வீசினீர்கள். இரண்டு பேர் பிழைத்தார்கள். மற்ற இருவரை மீட்க முடியவில்லை. அந்த சுதந்திர தினத்தில் உங்கள் துணிவுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தார்கள். நீச்சல் சொல்லித் தருகிற நாங்கள் நன்றி சொல்ல வந்தது, அந்த நேரத்தில் உங்களுக்குத் தோன்றிய யோசனைக்கு.

மூழ்குகிறவர் சினிமாவில் வருவதுபோலக் கத்துவதில்லை. வாய் மேலே வருகிற நேரம் மூச்சிழுக்கவே பத்தாது. கை இரண்டும் தண்ணீரைக் கீழே அழுத்திக்கொண்டிருக்கும். பெரும்பாலும் ஒரு நிமிடத்துக்குள் உள்ளே போய்விடுவார். அதற்குள் யார் கிட்டப் போனாலும் தோளைப் பிடித்து மேலே ஏறப் பார்ப்பார். காப்பாற்றக் குதித்தவர் அடியில் மாட்டிக்கொள்வது இப்படித்தான். நீச்சல் தெரிந்தவரும் இதற்குத் தப்புவதில்லை.

சேலை ஐந்தரை மீட்டர். முனையில் பெரிய முடிச்சுப் போட்டு நனைத்துவிட்டால் காற்றில் பறக்காமல் போய் விழும். ஆளின் தலையைத் தாண்டி வீச வேண்டும். முன்னால் விழுந்தால் எட்டிப் பிடிக்க அவருக்குத் தெம்பிருக்காது. இழுக்கிறவர் கரையில் குப்புறப் படுத்துக்கொள்வது நல்லது. நின்றபடி இழுத்தால் பாசி வழுக்கிவிடும். துணியைக் கையில் சுற்றிக்கொள்ளவே கூடாது, விட வேண்டி வந்தால் விட முடியாது.

கரையேறிய பிறகு ஊரே கூடி ஒரு தப்பு செய்யும்: வயிற்றை அமுக்குவது, தலைகீழாகப் பிடித்துச் சுற்றுவது. வயிற்றிலிருப்பது தொண்டைக்கு வந்து நுரையீரலுக்குள் இறங்கிவிடும். மூச்சில்லை என்றால் மல்லாக்கப் படுக்கவைத்து, முகவாயைத் தூக்கி, மூக்கைப் பொத்தி முதலில் 5 முறை வாயோடு வாய் வைத்து ஊத வேண்டும். பிறகு நெஞ்சின் நடுவே 30 அழுத்து, 2 ஊதல், மறுபடி 30. ஆழம் 5 செ.மீ.க்குக் குறையக் கூடாது; வேகம் நிமிடத்துக்கு 100 முதல் 120. பக்கத்திலிருப்பவர் 108-ஐக் கூப்பிடட்டும். எழுந்து பேசினாலும் ஆஸ்பத்திரிக்குப் போகத்தான் வேண்டும். நுரையீரலுக்குள் போன தண்ணீர் சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணற வைக்கும்.

நாலு பேர் பார்ப்பார்களே என்று நீங்கள் தயங்கியிருந்தால், இருந்த அந்த ஒரு நிமிடம் அதிலேயே போயிருக்கும்.

நன்றியுடன்,
நீச்சல் பயிற்றுநர்கள்