சம்பந்தி வீட்டுப் புத்தர்

அன்பு நண்பா,

உன் கடிதம் கிடைத்தது. மகளுக்கு வரன் முடிவாகிவிட்டது என்ற வரியைப் படித்ததும் வீட்டில் இருந்த எல்லோரையும் கூப்பிட்டுச் சொன்னேன். என் மனைவிக்குக் கண்புரை அறுவை நல்லபடியாக முடிந்துவிட்டது. உன் கடிதத்தை அவளே எடுத்து இரண்டு முறை படித்தாள். "அந்தக் குழந்தைக்கா கல்யாணம்?" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மாப்பிள்ளை நாகபுரிக்காரர், அம்பேத்கர் வழியில் பௌத்தம் தழுவிய குடும்பம் என்று எழுதியிருக்கிறாய். வேலை நிமித்தம் நான் அந்த ஊரில் பல ஆண்டுகள் இருந்தவன் என்பதால்தான் என்னைக் கேட்கிறாய். "கர்மா, மறுபிறவி எல்லாம் இரண்டு மதத்திலும் உண்டு, புத்தரை நாமும் அவதாரம் என்றுதானே கும்பிடுகிறோம், பிறகென்ன பெரிய வித்தியாசம்?" என்பது உன் கேள்வி. அதற்குக் கீழே, போகிறபோக்கில் எழுதியதுபோல இன்னொரு வரி: "ஒரே பெண். எனக்குப் பிறகு யார் திவசம் கொடுப்பார்கள்?" இதுதான் உன்னைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று எனக்குத் தெரியும். அதற்கு வருகிறேன். முதலில் அந்த அவதாரப் பேச்சு.

சம்பந்தி வீட்டில் அதைத் தயவுசெய்து சொல்லிவிடாதே. நீ அன்பாகத்தான் சொல்வாய். ஆனால் 1956 அக்டோபர் 14 அன்று நாகபுரியில் அம்பேத்கர் தன்னோடு மதம் மாறிய லட்சக்கணக்கான மக்களுக்கு 22 உறுதிமொழிகள் கொடுத்தார். புத்தர் விஷ்ணுவின் அவதாரம் என்பதை ஏற்கமாட்டேன் என்பது அதில் ஒன்று. பிரம்மா, விஷ்ணு, மகேசுவரனை வணங்கமாட்டேன், சிராத்தம் செய்யமாட்டேன், பிண்டம் கொடுக்கமாட்டேன், மது அருந்தமாட்டேன் என்று அந்த வரிசை போகிறது. அந்தக் குடும்பங்களில் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்து வளர்க்கிறார்கள். "எல்லாம் ஒன்றுதானே" என்று நாம் அணைத்துக்கொள்ளப் போனால், "உங்கள் தாத்தா எடுத்த முடிவுக்குப் பொருளே இல்லை" என்று அவர்கள் காதில் விழும்.

கர்மா, மறுபிறவி விஷயமும் அப்படித்தான். இலங்கையிலோ தாய்லாந்திலோ உள்ள பௌத்தர்கள் மறுபிறவியை நம்புகிறார்கள், புண்ணியம் சேர்க்கிறார்கள். அம்பேத்கரோ, போன பிறவியில் செய்த வினைதான் இந்தப் பிறவியின் இழிவு என்ற விளக்கத்தை அடியோடு மறுத்தார். அவர் காலமானபின் 1957இல் வெளிவந்த 'புத்தரும் அவர் தம்மமும்' நூலில், அது புத்தரின் போதனையே அல்ல என்று வாதாடுகிறார். யோசித்துப் பார். கிணற்றில் தண்ணீர் எடுக்க விடாமல் தடுத்தவனே, "இது நீ முற்பிறவியில் செய்த வினை" என்று காரணமும் சொன்னால், அந்தக் காரணத்தைத்தான் ஒருவன் முதலில் தூக்கி எறிவான்.

இனி உன் கேள்வி. ஒரு மதம் அதைப் பின்பற்றுகிறவர்களின் வாழ்க்கையை எங்கே தொடுகிறது? நீயும் நானும் உபநிடதம் படித்து இந்துவாக வளரவில்லை. குலதெய்வம் கோயிலில் மொட்டை போட்டார்கள், காது குத்தினார்கள், தாத்தா பெயரை வைத்தார்கள். ஆடி அமாவாசைக்கு அப்பா தண்ணீரில் இறங்கி எள்ளும் நீரும் விடுவதைக் கரையில் நின்று பார்த்தோம். மனிதன் பிறக்கும்போதே ரிஷிகளுக்கும் தேவர்களுக்கும் முன்னோருக்கும் கடன்பட்டுப் பிறக்கிறான் என்கிறது வேதம். ஓதுவதால் முதல் கடனும், வேள்வியால் இரண்டாவதும், பிள்ளை பெறுவதால் மூன்றாவதும் தீர்கிறதாம். நம் வள்ளுவரும் இல்வாழ்வான் பேண வேண்டிய ஐந்து பேரில் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரைத்தான் முதலில் சொல்கிறார், தெய்வமே அடுத்துத்தான் வருகிறது. கடவுளே இல்லை என்று வாதாடுகிறவர்கள்கூட அப்பாவின் திதியன்று கொஞ்சம் அடங்கிப்போவதை நான் பார்த்திருக்கிறேன். நமக்கு முன்னால் ஒரு நீண்ட வரிசை, பின்னால் ஒரு நீண்ட வரிசை, நடுவில் நாம். அந்த நினைப்புதான் நம்மை உருவாக்கியது. தனியாக இருக்கும்போதும் தனியன் இல்லை என்ற தெம்பை அது நமக்குக் கொடுத்தது. அதை நான் குறைத்துச் சொல்லவே மாட்டேன்.

ஆனால் அதே வரிசைதான் உன் மருமகனின் கொள்ளுத்தாத்தாவை ஊருக்கு வெளியே நிறுத்தியது. இன்னார் வழியில் பிறந்தவன் என்பது நமக்குப் பெருமையாக இருந்தபோது அவர்களுக்குத் தண்டனையாக இருந்தது. 1935இல் மகாராஷ்டிரத்தின் இயோலா என்ற ஊரில் அம்பேத்கர், "இந்துவாகப் பிறந்துவிட்டேன், அது என் கையில் இல்லை. இந்துவாகச் சாகமாட்டேன்" என்று அறிவித்தார். அதன்பிறகு 21 ஆண்டுகள் படித்து, யோசித்து, பல மதத்தவரோடு பேசித்தான் பௌத்தத்துக்கு வந்தார். மதம் மாறிய இரண்டு மாதத்துக்குள், டிசம்பர் 6 அன்று மறைந்தும் போனார். அவர் இல்லாமலே அந்த மக்கள் அதைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். 2011 கணக்கெடுப்பில் இந்தியாவில் பௌத்தர்கள் சுமார் 84 லட்சம் பேர். நான்கில் மூன்று பங்குக்கும் மேல் மகாராஷ்டிரத்தில் இருக்கிறார்கள்.

நாகபுரியில் அந்த மதமாற்றம் நடந்த இடமான தீட்சாபூமிக்குத் தசரா நாளில் போயிருக்கிறேன். நம் வீடுகளில் ஆயுத பூஜை முடிந்து விஜயதசமி கொண்டாடும் அதே நாள்தான் அவர்களுக்கு மதம் மாறிய நாள். வெள்ளை உடுத்து, கைக்குழந்தையோடு, ரயிலிலும் லாரியிலும் வந்து இறங்குகிறார்கள். அங்கே என்னை நிறுத்திப்போட்டது புத்தகக் கடைகள். கடை கடையாய்ப் புத்தகங்கள், கூலிவேலை பார்க்கிறவர்கள்கூட நின்று புரட்டிப் பார்த்து வாங்கிப் போகிறார்கள். கோயில் திருவிழாவில் பிரசாதம் வாங்கிப்போகிற பக்தியோடு அரசியல் சட்டத்தை வாங்கிப்போன ஒரு அம்மாவைப் பார்த்தேன். மதம் மனிதரை எப்படி மாற்றும் என்று யாராவது கேட்டால் எனக்கு முதலில் அவர் முகம்தான் ஞாபகம் வரும்.

அவர்கள் வீட்டு வழிபாடு மிக எளிமையானது. புத்தர் படம், பக்கத்தில் பாபாசாகேப் என்று அவர்கள் அழைக்கும் அம்பேத்கர் படம், ஒரு மெழுகுவத்தி, பூ. புத்தரையும் தம்மத்தையும் சங்கத்தையும் சரணடைகிறேன் என்று திரிசரணம் சொல்வார்கள், பஞ்சசீலம் சொல்வார்கள். கொல்லாமை, திருடாமை, தவறான காமம் தவிர்த்தல், பொய்யாமை, கள்ளுண்ணாமை. இந்த ஐந்தும் யாரும் போட்ட கட்டளை அல்ல. "இந்தப் பயிற்சியை நான் ஏற்கிறேன்" என்று ஒவ்வொரு முறையும் சொல்கிறவரே ஏற்பது. நேற்று சொன்னது நேற்றோடு போயிற்று, இன்றைக்கு மறுபடி ஏற்க வேண்டும். பிறப்பால் வந்து ஒட்டிக்கொண்டதை விட்டு வெளியே வந்த மக்களுக்கு இப்படி ஒரு மதம் எவ்வளவு பொருந்தியிருக்கிறது என்று நான் வியந்ததுண்டு. நம்மைத் தாங்கி நிற்பது முன்னோர் வரிசை என்றால் அவர்களைத் தாங்குவது தாமே எடுத்துக்கொண்ட உறுதி. நீ கேட்ட வித்தியாசத்தை நான் இங்கேதான் பார்க்கிறேன்.

இதனால் பௌத்தம் வந்த இடமெல்லாம் சாதி ஓடிவிட்டது என்று நினைத்துவிடாதே. இலங்கையில் 1753இல் சயாமிலிருந்து (இன்றைய தாய்லாந்து) பிக்குகளை வரவழைத்துத் தொடங்கிய சியாம் நிகாயம் என்ற பிக்குகள் பிரிவு உயர்சாதியினருக்கு மட்டுமே துறவு கொடுத்தது. மற்றவர்கள் பர்மாவுக்குக் கப்பலேறிப் போய்த் துறவு பெற்று வந்துதான் அமரபுர நிகாயத்தை உண்டாக்கினார்கள். புத்தர் சொன்னது ஒன்று, ஊர் செய்தது வேறு. எந்த மதத்தையும் அதன் புத்தகத்தை மட்டும் வைத்து எடைபோடக்கூடாது என்று நான் நினைப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

பௌத்தம் நமக்கு அந்நியம் என்று உன் அண்ணன் சொன்னாராமே. நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே கொடுத்தவன் ராஜராஜ சோழன். 1898இல் அயோத்திதாசப் பண்டிதர் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கத்தைத் தொடங்கியபோது அம்பேத்கர் ஏழு வயதுப் பிள்ளை. இதை உன் அண்ணனிடம் சொல்.

இப்போது திவசம். மாப்பிள்ளை பிண்டம் வைக்கமாட்டார். அவரை வற்புறுத்தவும் கூடாது. அது அவர் குடும்பம் எடுத்த உறுதி, உன் மகளுக்காக அதை உடைக்கச் சொன்னால் அவர் மனத்தில் அது முள்ளாகத் தங்கிவிடும். ஆனால் இறந்தவரை மறந்துவிடு என்று பௌத்தம் எங்கும் சொல்லவில்லை. சிகாலன் என்ற இளைஞனுக்குப் புத்தர் இல்லறம் சொல்லித்தந்த சூத்திரம் ஒன்று உண்டு. பெற்றோருக்குப் பிள்ளை செய்ய வேண்டிய ஐந்தில், அவர்கள் மறைந்தபின் அவர்கள் பெயரால் தானம் கொடுப்பதும் ஒன்று என்கிறார் அதில். ஜானுஸ்ஸோணி என்ற பிராமணர் ஒருமுறை புத்தரிடம் உன் கேள்வியையே கேட்டார்: "நாங்கள் கொடுக்கும் சிராத்தம் இறந்துபோன உறவினரைச் சேருமா?" அவர் பேயுலகில் பிறந்திருந்தால் சேரும், வேறெங்கும் பிறந்திருந்தால் சேராது என்கிறார் புத்தர். பிராமணர் விடவில்லை. அவர் அங்கே இல்லாவிட்டால் யாருக்குப் போகும்? அங்கிருக்கும் வேறு உறவினர்களுக்கு. அவர்களும் இல்லாவிட்டால்? இத்தனை நெடுங்காலத்தில் உன் உறவினர் ஒருவர்கூட அங்கே இல்லாமல் இருக்கமுடியாது, அப்படியே இருந்தாலும் கொடுத்தவனுக்குப் பலன் இல்லாமல் போகாது என்று முடிகிறது அந்த உரையாடல். முதன்முதலில் இதைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெகுநேரம் என் அப்பாவை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மகாராஷ்டிரத்துப் பௌத்தர்கள் இறந்தவருக்காகப் புண்யானுமோதனம் என்று கூடுவார்கள். திரிசரணம் சொல்லி, அவரைப் பற்றி அறிந்தவர்கள் எழுந்து பேசுவார்கள். உன் காலத்துக்குப் பிறகு உன் பெயரால் பசித்தவர்களுக்குச் சாப்பாடு போட வேண்டும் என்று மாப்பிள்ளையிடம் கேட்டுப் பார். முகம் மலர்ந்து சம்மதிப்பார். எள்ளும் தண்ணீரும்தான் வேண்டும் என்றால் அதை உன் மகள் செய்யட்டும். கொள்ளியும் அவளே வைக்கட்டும். எத்தனையோ பெண்கள் இன்று செய்கிறார்கள். அவள் கையால் கிடைப்பது உனக்குக் குறைந்தா போகும்? அவளைப் பதினெட்டு வயதில் தனியாக வெளியூர் அனுப்பிப் படிக்கவைத்தவன் நீ. இதில் மட்டும் ஏன் தயங்குகிறாய்?

கல்யாணச் சடங்கைப் பற்றிக் கவலைப்படாதே. பௌத்தத்தில் திருமணம் பிக்குகள் நடத்தியே தீரவேண்டிய சடங்கு அல்ல. வெள்ளை உடையில் மணமக்கள் புத்தர் முன் நின்று திரிசரணமும் பஞ்சசீலமும் சொல்லி மாலை மாற்றிக்கொள்வார்கள், அரைமணி நேரத்தில் முடிந்துவிடும். சட்டமும் இடைஞ்சல் செய்யாது. 1955ஆம் ஆண்டு இந்துத் திருமணச் சட்டம் பௌத்தர்களுக்கும் பொருந்தும், இருவரில் எவருடைய வழக்கப்படியும் செய்யலாம் என்கிறது. தமிழ்நாட்டில் செய்தால் 1967இல் அண்ணா ஆட்சியில் சேர்த்த 7ஏ பிரிவும் இருக்கிறது. புரோகிதர் இல்லாமல் உறவினர் முன்னிலையில் தாலியோ மோதிரமோ மாலையோ போதும். எப்படிச் செய்தாலும் பதிவு செய்துவிடுங்கள்.

உன் உறவுக்காரர்கள் சுற்றி வளைத்து, "அவங்க முன்னாடி என்ன ஆளுங்க?" என்று கேட்பார்கள். "பௌத்தர்கள்" என்று மட்டும் சொல். இரண்டாவது முறை கேட்டாலும் அதையே சொல். உன் மகள் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பாள் என்பது ஞாபகம் இருக்கட்டும். நம்மில் மூத்தவர்கள் இந்த ஒரு இடத்தில் உறுதியாக நிற்கவேண்டும் என்று மனதார விரும்புகிறேன்.

தேதி குறிக்க அவர்கள் நட்சத்திரம், முகூர்த்தம் பார்க்கமாட்டார்கள். புத்த பூர்ணிமையோ அம்பேத்கர் பிறந்தநாளோ சொன்னால் ஒப்புக்கொள், உன் பஞ்சாங்கத்தில் அன்று என்ன கிழமை என்பதோடு நிறுத்திக்கொள். முடிவானதும் உடனே எழுது, அறுவை செய்த கண்ணோடு இவளால் ரயிலில் வரமுடியுமா என்று மருத்துவரிடம் கேட்டு டிக்கெட் போட வேண்டும். எனக்கு மராத்தி இன்னும் மறக்கவில்லை. சம்பந்தி வீட்டுக்கு முதல்முறை பேசப் போகும்போது என்னையும் அழைத்துக்கொண்டு போ.

உன்
பழைய நண்பன்