களிமண் தரையில் ஜாக்கி நிற்காது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

வாகனப் பக்கத்தில் உயர்த்திக் கட்டிய ஜீப், மஹிந்திரா தார் வண்டிப் படங்களை அடிக்கடி போடுகிறீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு எங்கள் பக்கத்துப் பையன்களும் ஷாக் அப்சார்பர், பட்டை செட் (வண்டியின் பாரத்தைத் தாங்கும் அடுக்குத் தகடு ஸ்பிரிங்) எல்லாம் ஆன்லைனில் வரவழைத்து வீட்டு வாசலிலேயே ஜாக்கி போட்டு மாட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மாட்டாதீர்கள் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. நானே அப்படி மாட்டியவன்தான். ஆனால் எந்தத் தரையில் வைத்து மாட்டுகிறோம் என்பதைப் பற்றி யாருமே பேசுவதில்லை. டெல்டாவில் முதலில் பேச வேண்டியது அதுதான்.

எங்கள் ஊர் மன்னார்குடிக்கும் முத்துப்பேட்டைக்கும் நடுவில் இருக்கிறது. என்னிடம் இருப்பது பழைய மஹிந்திரா ஜீப், நான்கு சக்கரத்துக்கும் பட்டைதான், காயில் ஸ்பிரிங் கிடையாது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்த பிறகு விழுந்த தென்னையை அறுத்து அறுத்து ஏற்றியதில் பின்பக்கப் பட்டை படுத்துவிட்டது. ஆள் ஏறி உட்கார்ந்தாலே சக்கரம் மட்கார்டில் உரசும். சரி, மாற்றுவதுதான் மாற்றுகிறோம், 2 அங்குலம் உயரமாகவே மாற்றிவிடலாம் என்று புதுப் பட்டை செட், நீளமான ஷாக், பட்டையை ஆக்சிலோடு (சக்கர அச்சோடு) சேர்த்துப் பிடிக்கும் யூ போல்ட் எல்லாம் வெளியூர்க் கடை ஒன்றில் வாங்கி வந்தேன். எப்படி மாட்ட வேண்டும் என்று ஒரு துண்டுச் சீட்டுகூட அதில் இல்லை.

ஐப்பசி மழை விட்டு இரண்டு நாள் ஆகியிருந்தது. வாசல் காய்ந்துவிட்ட மாதிரிதான் தெரிந்தது. ஒரு பலகையைப் போட்டு அதன்மேல் பாட்டில் ஜாக்கியை வைத்து ஏற்றினோம். மச்சான் அடியில் படுத்து யூ போல்ட்டைத் தளர்த்திக்கொண்டிருந்தபோது பலகையின் ஒரு ஓரம் மெதுவாக உள்ளே இறங்கியது, ஜாக்கி சாய்ந்தது, வண்டி அப்படியே சரிந்தது. கழற்றிய சக்கரத்தைப் படுக்கவைத்து சேசிஸுக்கு (வண்டியின் இரும்புச் சட்டத்துக்கு) அடியில் தள்ளியிருந்தேன், அதன்மேல் வந்து உட்கார்ந்ததால் மச்சானுக்குத் தோளில் சிராய்ப்போடு போயிற்று. வெளியே வந்தவர் பத்து நிமிடம் பேசவே இல்லை. அந்தச் சக்கரம் அங்கே இல்லையென்றால் என் தங்கை முகத்தில் நான் எப்படி விழித்திருப்பேன்?

நம் ஊர்க் களிமண்ணைப் பற்றி வெளியூர்க்காரர்கள் சொல்லித்தர முடியாது. கோடையில் கை நுழையும் அளவுக்கு வெடிக்கும், மழை பெய்தால் ஊறி உப்பும். மேலே ஒரு விரல் அளவுக்குக் காய்ந்து ஓடு மாதிரி இருக்கும், கீழே நாள்கணக்கில் சேறாகவே கிடக்கும். பாட்டில் ஜாக்கியின் அடித்தட்டு உள்ளங்கை அகலம்தான், வண்டியின் ஒரு பக்கப் பாரம் மொத்தமும் அந்த உள்ளங்கையில்தான் இறங்குகிறது. பலகை போட்டால் கொஞ்சம் தாங்கும், அவ்வளவுதான், பாரம் ஒரு ஓரமாகப் போனால் பலகையும் சேர்ந்து புதையும். செங்கல்லையோ ஹாலோ பிளாக்கையோ முட்டுக் கொடுப்பதைப் பார்க்கிறேன், அது இன்னும் மோசம், எச்சரிக்கையே இல்லாமல் வெடித்துவிடும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும்தான். தூக்கியதும் சேசிஸுக்கு அடியில் இரண்டு பக்கமும் இரும்பு ஸ்டாண்டு நிற்க வேண்டும், அந்த ஸ்டாண்டு நிற்கும் தரை கான்கிரீட்டாக இருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஊர்க் களத்துக்கு வண்டியைக் கொண்டுபோனேன். நெல் காயவைக்கும் சிமென்ட் களம், அறுவடை இல்லாத நாளில் காலியாகத்தான் கிடக்கிறது. ஊர்ப் பெரியவர்கள் வேண்டாம் என்றார்கள். கிரீஸும் ஆயிலும் சிந்தினால் நாளை அதே இடத்தில்தானே நெல்லைக் கொட்ட வேண்டும்? நியாயம்தான், திரும்பி வந்துவிட்டேன். கடைசியில் வீட்டுப் பக்கவாட்டில் 16 அடிக்கு 8 அடி, 6 அங்குல கனத்தில் கான்கிரீட் போட்டேன். ஷாக்குக்கும் பட்டைக்கும் செலவழிப்பவர்கள் முதலில் தரைக்குச் செலவழியுங்கள் என்று இப்போது யார் கேட்டாலும் சொல்கிறேன்.

மாட்டும்போது நான் பட்டுத் தெரிந்துகொண்டதையும் சொல்லிவிடுகிறேன். பட்டை செட்டின் நடுவில் இருக்கும் சென்டர் போல்ட்டின் தலை, ஆக்சிலில் அதற்கென்று இருக்கும் குழியில் சரியாக உட்கார வேண்டும். உட்காராமல் யூ போல்ட்டை முறுக்கினால் ஆக்சில் நாளடைவில் நகரும், வண்டி நேராகப் போகாது. பழைய யூ போல்ட்டை மறுபடி போடாதீர்கள், ஒரு தடவை இழுபட்டது இழுபட்டதுதான். நான்கு நட்டையும் குறுக்குக் குறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி ஒரு சுற்று முறுக்குங்கள், புதுப் பட்டை அமுங்கி உட்கார்ந்ததும் நிச்சயம் இளகியிருக்கும்.

பட்டையின் முனையைச் சேசிஸோடு இணைக்கும் ஷேக்கிள் போல்ட்டில்தான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். சக்கரம் தொங்கும்போதே அதைக் கடைசிவரை இறுக்கிவிடுகிறார்கள். வண்டியை இறக்கியதும் பட்டை விரியும், உள்ளே பிடிபட்ட ரப்பர் புஷ் முறுக்கிக்கொண்டு அப்படியே நிற்கும். வண்டி கட்டை மாதிரி குதிக்கும், கொஞ்ச நாளில் ரப்பர் கிழியும், மாட்டியவர் பொருள் சரியில்லை என்று கடைக்காரரைத் திட்டுவார். தொங்கும்போது கையிறுக்கம் போதும், நான்கு சக்கரமும் தரையில் நின்று முழு பாரமும் இறங்கிய பிறகுதான் கடைசி இறுக்கம். அப்புறம் பிரேக் ஆயில் போகும் ரப்பர் குழாய், அதாவது பிரேக் ஹோஸ். உயரம் கூடிய வண்டியில் ஆக்சில் முழுதாகத் தொங்கும்போது ஹோஸ் விண்ணென்று இழுபடுகிறதா என்று கையால் தொட்டுப் பாருங்கள். இழுபட்டால் நீளமான ஹோஸ் போடாமல் வண்டியை எடுக்கவே கூடாது.

உயரத்தைப் பற்றி என் கருத்து இப்போது மாறிவிட்டது. பட்டையை உயர்த்தினால் சேசிஸ்தான் மேலே போகிறது, ஆக்சிலும் அதன் நடுவில் பல்சக்கரங்களை மூடியிருக்கும் உருண்டையான கிரவுன் ஹவுசிங்கும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, பெரிய டயர் போட்டால்தான் அது தரையை விட்டு எழும். வரப்பு ஏறும்போது அடிவயிறு தட்டாது என்பது உண்மை. ஆனால் சேற்றில் மாட்டுவது வேறு கதை. டிராக்டரே தொழியடிக்கக் கேஜ் வீல் (இரும்புக் கூண்டுச் சக்கரம்) போட்டுக்கொண்டுதானே இறங்குகிறது? நம் ஊரில் முக்கால்வாசி ஓட்டம் ஆற்றங்கரைச் சாலையில். ஒரு பக்கம் ஆறு, ஒரு பக்கம் வயல், எதிரே பஸ் வந்தால் ஓரத்துக்கு இறங்கியாக வேண்டும். அங்கே உயர்த்திய வண்டி சாய்கிற சாய்மானம் வயிற்றைக் கலக்குகிறது. முன்பக்க ஸ்டீயரிங் ராடின் கோணம் மாறிவிடுவதால் பள்ளத்தில் இறங்கும்போது வண்டி தானாக ஒரு பக்கம் இழுக்கிறது. இன்ஜின் சுழற்சியை ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட்டின் கோணம் மாறி, அதன் முனையில் இருக்கும் கிராஸ் மூட்டு சீக்கிரம் தேய்கிறது. ஹெட்லைட்டைத் தாழ்த்திச் சரிசெய்யாவிட்டால் எதிரே வருபவர் கண்ணில் நேராக அடிக்கும்.

சட்டமும் தெளிவாக இருக்கிறது. மோட்டார் வாகனச் சட்டம் 1988, 52ஆம் பிரிவின்படி பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறிப்பிட்டதிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது. 2019 திருத்தத்துக்குப் பிறகு அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை அல்லது இரண்டுமே விதிக்கலாம். அதனால் சென்ற ஆண்டு அந்த உயரப் பட்டையைக் கழற்றிவிட்டு, கம்பெனி அளவிலேயே புதுப் பட்டையும் நல்ல ஷாக்கும் போட்டுவிட்டேன். படுத்த பட்டையை நிமிர்த்தியதே போதுமாக இருந்தது, வண்டி இப்போது அருமையாக ஓடுகிறது.

இரண்டு வேண்டுகோள். அடுத்த முறை உயர்த்திய ஜீப் படம் போடும்போது பக்கத்திலேயே ஸ்டாண்டு எங்கே வைப்பது, ஷேக்கிளை எப்போது இறுக்குவது என்று படம் வரைந்து ஒரு அரைப் பக்கம் போடுங்கள். நம் மாவட்டங்களின் அரசு ஐ.டி.ஐ.க்களில் மோட்டார் மெக்கானிக் பிரிவுக்கு நல்ல கான்கிரீட் தரையும் ஸ்டாண்டும் சொல்லித்தர ஆளும் உண்டு. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட வேண்டும் என்று உங்கள் பத்திரிகை வழியாகக் கேட்டுக்கொள்கிறேன். ஜூன் 12க்கு மேட்டூர் திறந்துவிட்டால் நாங்கள் எல்லோரும் குறுவைக்கு ஓடிவிடுவோம். வண்டி வேலை பார்ப்பது சித்திரை, வைகாசியில்தான். அதற்குள் வந்தால் பிரயோஜனமாக இருக்கும்.

இப்படிக்கு,
ஒரு விவசாயி,
மன்னார்குடி வட்டம்